ஆக்சிபென்சோனின் பூர்வீகம்

சன்ஸ்க்ரீன் டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். ஆக்சிபென்சோன், அவோபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டிசலேட், ஹோமோசலேட், ஆக்டோகிரைலீன். வெயிலில் வரும் புற ஊதாக் கதிரைத் தோலுக்குள் விடாமல் தாங்களே வாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் இவை. பெயரைக் கேட்டால் மண்ணோடும் மரத்தோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் பிறந்து வளர்ந்தவை என்றுதான் தோன்றும். பொருளைப் பொறுத்தவரை அது ஏறக்குறையச் சரி. இவை பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆலையில் தயாராகின்றன. பெயரைப் பொறுத்தவரை சரியல்ல. அந்தப் பெயர்களைப் பிரித்துப் போட்டால் நாட்டு மருந்துக் கடையின் அலமாரித் தட்டு ஒன்று அப்படியே கீழே இறங்கிவிடும்: பட்டை, கற்பூரம், சாம்பிராணி.

இவற்றில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் ஏசப்பட்டதும் ஆக்சிபென்சோன். கடற்கரை ஊர்கள் சில இதைச் சட்டம் போட்டே விலக்கின. ‘ஆக்சிபென்சோன் இல்லாதது’ என்று முகப்பில் அச்சடிப்பதே ஒரு விற்பனை உத்தியாகிவிட்டது. இவ்வளவு பேச்சு வாங்கிய அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

மூன்று துண்டுகள்

ஆக்சி, பென்ஸ், ஓன் என்று பெயரை மூன்றாகப் பிரிக்கலாம்.

‘ஆக்சி’ என்பது ஆக்சிஜனின் முதற்பாதி. கிரேக்கத்தில் ‘ஆக்சிஸ்’ என்றால் கூர்மை, புளிப்பு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், எல்லா அமிலங்களுக்கும் புளிப்பைத் தருவது இந்த வாயுதான் என்று நம்பி ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்பது பின்னால் தெரியவந்தது. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது.

கடைசித் துண்டான ‘ஓன்’ அசிட்டோனின் வால். நகப்பூச்சை அழிக்கும் அந்தத் திரவத்தின் பெயர், காடியைக் குறிக்கும் ‘அசிட்டம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அசிட்டோனின் அமைப்பை ஒத்த சேர்மங்களுக்கெல்லாம் அதே வாலை ஒட்டினார்கள். கீட்டோன் என்ற குடும்பப் பெயரும் அசிட்டோனைத் திரித்துச் செய்ததுதான்.

ஆக, முன்னால் புளிப்பு, பின்னால் காடி. நடுவில் இருக்கும் ‘பென்ஸ்’ என்ற துண்டுதான் நீண்ட தூரம் நடந்து வந்தது. அதன் பிறந்த ஊர் சுமத்ரா.

பாலாய் வடிந்து கல்லாய் இறுகுவது

சுமத்ராவின் வடபகுதியில், தோபா ஏரியை அடுத்த மலைகளில், ஸ்டைராக்ஸ் இனத்து மரங்கள் வளர்கின்றன. அங்குள்ள படாக் மக்கள் பல தலைமுறைகளாக இந்த மரத்தின் பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். கீறிய இடத்தில் வெண்மையாகப் பால் வடியும். உடனே எடுக்க மாட்டார்கள். சில மாதங்கள் விட்டுவிடுவார்கள். பால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இறுகிக் கட்டியானதும் பெயர்த்தெடுப்பார்கள். மலாய் மொழியில் அதற்குக் கெமென்யான் என்று பெயர். நம் ஊரில் தணலில் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டும் சாம்பிராணி இந்த வகைதான். கடைகளில் சாம்பிராணி என்ற பெயரில் வேறு பிசின்களும் விற்கும், குங்கிலியத்தையும் கலப்பார்கள், அது வேறு கதை.

இந்தப் பிசினை மேற்கே கொண்டுபோனவர்கள் அரபு வணிகர்கள். அவர்கள் நாட்டிலேயே வேறொரு நறும்பிசின் உண்டு. ஓமானிலும் சோமாலியாவிலும் விளையும் அதை ‘லுபான்’ என்பார்கள். ல-ப-ன் என்ற அந்த வேர் செமித்திய மொழிகளில் வெண்மையைக் குறிப்பது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு ‘லபன்’ தெரிந்திருக்கும். மதியச் சாப்பாட்டோடு பாக்கெட்டில் வரும் மோர்தான் அது. மோரும் பிசினும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள்.

கிழக்கிலிருந்து வந்த புதிய பிசினையும் அரபுக்காரர்கள் லுபான் என்றே அழைத்து, ஊர் அடையாளத்துக்காக ‘ஜாவி’ என்று சேர்த்துக்கொண்டார்கள். லுபான் ஜாவி, அதாவது ஜாவா நாட்டு லுபான். பிசின் வந்ததோ சுமத்ராவிலிருந்து. அதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து அரபு வழக்கில் சுமத்ராவுக்கும் ஜாவா என்றே பெயர். 14-ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் இறங்கிய பயணி இபின் பதூதா, ஜாவி லுபானுக்குப் பெயர் கொடுத்த தீவு இதுதான் என்று குறித்துவைத்திருக்கிறார். அவர் இறங்கியது சுமத்ராவில்.

அடுத்த திருப்பம் மத்தியதரைக் கடலின் வடகரையில் நிகழ்ந்தது. கட்டலான், இத்தாலியம் போன்ற மொழிகளில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘லோ’, ‘ல’ என்று ஒரு சுட்டு வரும். லுபான் ஜாவி என்று துறைமுகத்தில் காதில் விழுந்ததும், முதலில் இருக்கும் ‘லு’ தங்கள் மொழிச் சுட்டுதான் என்று எண்ணி அதை வெட்டிவிட்டார்கள். மிச்சம் ‘பான்ஜாவி’. அது கட்டலானில் பெஞ்சுயி ஆயிற்று, போர்த்துக்கீசியத்தில் பெஞ்சொயிம், இத்தாலியத்தில் பென்சோயி, பிரெஞ்சில் பெஞ்ஜுவேன். ஆங்கிலத்தில் பென்சாயின் என்று நின்றது. ஆங்கிலேயக் கடைக்காரர்களுக்கு அதுவும் வாயில் வரவில்லை. விவிலியத்தில் பழகிய பெயராகப் பார்த்து ‘பெஞ்சமின்’ என்று மாற்றிக்கொண்டார்கள். பழைய ஆங்கில வணிகப் பட்டியல்களில் ‘பெஞ்சமின் கோந்து’ என்று காண்பது நம் சாம்பிராணியைத்தான்.

வெட்டுப்பட்ட ‘லு’ போனதோடு சொல்லில் இருந்த வெண்மையும் போயிற்று. ‘ஜாவி’யின் ஜகரம் சகரமாகித் தேய்ந்து ஒட்டிக்கொண்டது. ஆக்சிபென்சோன் என்று சொல்லும்போது நடுவில் கேட்கும் ‘சோ’, தேய்ந்துபோன ஜாவாவின் எச்சம்.

பாரூஸ் துறைமுகம்

இந்தப் பிசின் மலையிலிருந்து கடலுக்கு இறங்கிய பழைய துறைகளில் முக்கியமானது சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாரூஸ். தமிழர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. பாரூஸை அடுத்த லோபு துவா என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. முதற்குலோத்துங்கன் காலம். வெட்டி வைத்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். கப்பலில் வருவோர் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன்னில் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் செய்த ஏற்பாடு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932-இல் இதைப் பற்றி எழுதிய பிறகு உலக அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. ஊரின் பெயரைக் கல்வெட்டு ‘வாரோசு’ என்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அடுக்கும் கற்பூர வகைகளிலும் அந்தப் பெயர் வருகிறது. ஊர்ப் பெயரே சரக்கின் பெயராகும் அளவுக்குப் பழக்கம்.

கல்வெட்டு சாம்பிராணியைப் பேசவில்லை. ஆனால் அந்தப் பட்டினம் பிழைத்ததே கற்பூரத்தாலும் சாம்பிராணியாலும்தான். ஒரே கரையிலிருந்து தமிழ் வணிகரும் அரபு வணிகரும் ஒரே சரக்கை ஏற்றினார்கள். நம்மிடம் அது சாம்பிராணி என்ற பெயரில் பூஜை அறைக்குப் போயிற்று. அவர்கள் கொண்டுபோனது பென்சாயினாகி மருந்துக் கடைக்கும், அங்கிருந்து வேதியியல் கூடத்துக்கும் போயிற்று. பல நூறு ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் பென்சீன், பென்சாயிக் அமிலம் என்று அந்தப் பெயர் நம்மிடம் வந்தபோது, இரண்டும் ஒரே சரக்கு என்று அடையாளம் காண வழியில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது தடவும் ‘டிங்சர் பென்சாயின்’ சாராயத்தில் கரைத்த சாம்பிராணி என்பதும் பலருக்குத் தெரியாது.

காகிதக் கூம்பில் பூத்த பூ

பிசின் எப்படி அமிலமாயிற்று? செய்முறை எளியது. பொடித்த பென்சாயினை ஒரு சட்டியில் போட்டு, மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கவிழ்த்து, இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். புகை மேலே எழும். ஆறியதும் கூம்பைப் பிரித்தால் உட்பக்கம் முழுதும் வெள்ளை ஊசிகள் மினுமினுக்கும். உருகி, கொதித்து, வடிந்து வந்தவை அல்ல, ஆவி நேரே படிகமானது. பழைய மருந்து நூல்கள் இதைப் ‘பென்சாயின் பூ’ என்கின்றன. 16-ஆம் நூற்றாண்டிலேயே இது பதிவாகியிருக்கிறது. பதிந்தவர்களில் ஒருவர் ஆரூடம் சொன்ன நாஸ்ட்ரடாமஸ். அவர் தொழில்முறையில் மருந்து செய்பவரும்கூட.

அந்தப் பூவுக்குப் பின்னால் பென்சாயிக் அமிலம் என்று பெயர் வந்தது. ஊறுகாய் பாட்டில், பழச்சாறு பாட்டில்களில் ஐ.என்.எஸ். 211 என்று குறிக்கிறார்களே, அந்த சோடியம் பென்சோயேட் இதன் உப்பு.

1833-இல் பெர்லினில் ஐல்ஹார்ட் மிட்ஷர்லிக் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சினார். தெளிந்த, எளிதில் தீப்பற்றும் எண்ணெய் ஒன்று கிடைத்தது. பென்சாயிக் அமிலத்திலிருந்து வந்ததால் ‘பென்சின்’ என்றார். அதே எண்ணெயை எட்டு ஆண்டுக்கு முன்பே, 1825-இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்திருந்தார். விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைத்த உருளைகளின் அடியில் தங்கிய கசடிலிருந்து எடுத்தது அது. ஃபாரடே வைத்த பெயர் ‘ஹைட்ரஜனின் பைகார்புரெட்’. நீளமான பெயர், நிலைக்கவில்லை. கண்டுபிடித்த பெருமை ஃபாரடேவுக்கு, பெயர் வைத்த பெருமை மிட்ஷர்லிக்குக்கு என்று ஆயிற்று.

மிட்ஷர்லிக் வைத்த பெயரையும் சும்மா விடவில்லை. யுஸ்டுஸ் லீபிக் அப்போது ஜெர்மனியின் முக்கிய வேதியியல் இதழை நடத்திவந்தவர். குயினின், ஸ்ட்ரிக்னின் மாதிரி ‘இன்’ என்று முடிந்தால் தாவர நஞ்சு வகை என்று குழப்பம் வரும் என்று சொல்லி, எண்ணெயைக் குறிக்கும் ‘ஓல்’ சேர்த்துப் ‘பென்சோல்’ என்று மாற்றினார். ஜெர்மன் வேதியியலில் அந்தப் பெயரே நின்றது. ஆங்கிலத்தில் பென்சீன் என்றார்கள், தமிழுக்கும் அதுவே வந்தது.

பிரான்சில் அகுஸ்த் லோரான் வேறொரு பெயரை முன்வைத்தார். இந்த எண்ணெய் தெரு விளக்கு வாயுவில் கிடைத்ததல்லவா? கிரேக்கத்தில் ‘ஒளிர்தல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து ‘ஃபீன்’ என்று அழைக்கலாம் என்றார். பென்சீனை அந்தப் பெயரால் அழைக்க யாரும் இணங்கவில்லை. ஆனால் அதன் வழித்தோன்றல்களில் ஃபீன் பிழைத்துக்கொண்டது. ஃபீனால், ஃபீனைல் எல்லாம் அந்த வழி வந்தவை. வீட்டில் தரை துடைக்க ஊற்றும் பினாயில் லோரானின் சொல்தான். விளக்கொளிக்கு வைத்த பெயர் நம் ஊரில் கழிப்பறை வாசனைக்கு ஆகிவந்துவிட்டது.

இப்போது பென்சோஃபீனோன் என்ற பெயரைப் பார்க்கலாம். ஆக்சிபென்சோனின் தாய்ச் சேர்மம் இது. இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு கார்பன், அந்தக் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன். இரண்டு வளையங்களும் ஒரே மாதிரியானவை. பெயரிலோ ஒன்று ‘பென்சோ’, மற்றது ‘ஃபீன்’. ஒரே பொருளுக்குப் போட்டி போட்ட இரண்டு பெயர்களும் ஒரே சொல்லுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் இதைச் சுருக்கமாகப் ‘பென்சோன்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழைய சுருக்கம்தான் இன்றைய டியூபில் வந்து நிற்கிறது.

மிட்ஷர்லிக்கின் கைவிடப்பட்ட ‘பென்சின்’ என்ன ஆயிற்று? வேதியியலார் விட்டுவிட்டாலும் வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலுக்குப் பெயர் பென்சின். டச்சு மொழியில் ‘பென்சினே’. அது டச்சுக்காரர்களோடு கப்பலேறி அவர்களுடைய கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் போயிற்று. இன்றைய இந்தோனேசிய மொழியில் பெட்ரோலுக்கு ‘பென்சின்’ என்றே பெயர். சுமத்ராவில் சாலையோரம் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் கடைகளில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். அந்த மலையில் பிறந்த பிசினுக்கு அரபுக்காரர் வைத்த பெயர், ஐரோப்பாவைச் சுற்றி, உருமாறி, வேறொரு பொருளின் மேல் ஏறிக்கொண்டு அந்த மலையடிவாரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அங்குள்ளவர்களுக்குப் பிசின் இன்னமும் கெமென்யான்தான்.

சன்ஸ்க்ரீன் வந்தபோது

வெயிலைத் தடுக்கும் பூச்சுகள் கடைக்கு வந்தபோது இந்த வாசனைச் சரக்குகளின் பெயர்கள் எல்லாம் ஒன்றுகூடின. அமெரிக்காவில் 1928-இல் விற்பனைக்கு வந்த பூச்சில் இரண்டு சேர்மங்கள்: பென்சைல் சாலிசிலேட், பென்சைல் சின்னமேட். ‘பென்சைல்’ சாம்பிராணியின் பெயர் வழி. ‘சாலிசிலேட்’ என்பது லத்தீனில் சாலிக்ஸ் எனப்படும் வில்லோ மரத்தின் பெயர் வழி, ஆஸ்பிரினின் உறவு. ‘சின்னமேட்’ இலங்கையில் கறுவா என்றும் இங்கே பட்டை என்றும் வழங்கும் சரக்கின் லத்தீன் பெயர் வழி. 1943-இல் காப்புரிமை பெற்ற, பாபா என்ற சுருக்கப் பெயர் கொண்ட புற ஊதா வடிகட்டி, பாரா-அமினோபென்சாயிக் அமிலம். அதிலும் பென்சாயின். பாபா பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியதால் 1980-களில் ‘பாபா இல்லாதது’ என்ற வாசகம் டியூப்களில் ஏறியது. ‘இல்லாதது’ என்று சொல்லி விற்கும் பழக்கத்துக்கு அது முன்னோடி.

இப்போது புழக்கத்தில் இருக்கும் ஆக்டினாக்சேட்டின் முழுப் பெயர் ஆக்டைல் மெத்தாக்சிசின்னமேட். அதன் நெருங்கிய உறவான எத்தில் மெத்தாக்சிசின்னமேட் கச்சோலக் கிழங்கின் மணத்துக்குக் காரணமான எண்ணெயில் மிகுதியாக இருக்கிறது. எகாம்சூல் என்ற வடிகட்டியின் பெயரில் நடுவே வரும் ‘காம்’ கற்பூரத்தின் லத்தீன் பெயரான காம்ஃபோராவின் தலை. என்சாகாமீன் என்றொரு கற்பூர வழி வடிகட்டியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாரூஸ் துறையில் ஏற்றிய இரண்டு சரக்குகளும், பெயரளவில், ஒரே டியூபுக்குள் சேர்ந்த கதை இது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சயாம் நாட்டுச் சாம்பிராணியில் பென்சாயிக் அமில வகை மிகுதி, சுமத்ராச் சாம்பிராணியில் பட்டையின் பெயர் தாங்கிய சின்னமிக் அமிலமும் கணிசம்.

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்ற சுருக்கப் பெயர்கள் தாமாக விளைந்தவை அல்ல. அமெரிக்காவில் 1961-இல் தொடங்கிய ஒரு பெயரிடு குழு, மருந்துகளுக்கு எளிய பொதுப்பெயர் வைக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி சன்ஸ்க்ரீன் மருந்து வகையைச் சேர்ந்தது என்பதால் வடிகட்டிகளுக்கும் அந்த வகைப் பெயர்கள் வந்தன. ஆனால் வேறு பல நாடுகளில் சன்ஸ்க்ரீன் அழகுசாதனம். அழகுசாதனங்களுக்குச் சர்வதேசப் பெயர்ப் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் ஆக்சிபென்சோனுக்கு ‘பென்சோஃபீனோன்-3’ என்று பெயர். ஆக்டினாக்சேட் அங்கே எத்தில்ஹெக்சைல் மெத்தாக்சிசின்னமேட். தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு யூவினுல் எம்40, யூசோலெக்ஸ் 4360 என்று வணிகப் பெயர் வைத்தார்கள். ஒரே தூளுக்கு நாலைந்து பெயர். ஆக்சிபென்சோனைத் தவிர்க்க நினைத்து நம் ஊர் டியூபைத் திருப்பிப் பார்ப்பவர் அந்தப் பெயரைக் காணாமல் நிம்மதியாக வாங்கிவிடலாம், பென்சோஃபீனோன்-3 என்று அதே பட்டியலில் அது இருக்கும்.

ஒரே பெயர், வேறு குடும்பம்

பெயரை வைத்து உறவு பேசினால் எங்கே சறுக்கும் என்பதற்கு அவோபென்சோன் நல்ல சாட்சி. 1973-இல் காப்புரிமை பெற்று, பார்சோல் 1789 என்ற பெயரில் ஐரோப்பாவில் 1978-இலும் அமெரிக்காவில் 1988-இலும் அனுமதி பெற்றது. பெயர் முடிவில் ‘பென்சோன்’ இருந்தாலும் இது பென்சோஃபீனோன் வகையே அல்ல. டைபென்சாயில்மீத்தேன் என்ற வேறு குடும்பம். ஆக்சிபென்சோனில் இரண்டு வளையங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு கார்பன்-ஆக்சிஜன் இணை. அவோபென்சோனில் அப்படி இரண்டு. வேலையும் வேறு. ஆக்சிபென்சோன் தோலைக் கன்றிச் சிவக்க வைக்கும் குறுகிய அலைகளையும் அதை ஒட்டியவற்றையும் பிடிக்கிறது. அவோபென்சோன் ஆழ்ந்து ஊடுருவும் நீண்ட அலைகளை, 357 நானோமீட்டர் அளவில், பிடிக்கிறது. ஆனால் வெயிலிலேயே சிதைந்துபோகும் பலவீனம் அதற்கு உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்க ஆக்டோகிரைலீனைச் சேர்ப்பார்கள். பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்பவர் அந்த ஊரில் ஒரு நாள்கூடக் குடியிருந்திருக்க மாட்டார், ‘பென்ஸ்’ என்ற துண்டும் இந்தச் சேர்மங்களுக்கு அவ்வளவுதான்.

வேலை செய்வது எது என்று பார்த்தால் நாம் எளிதாகத் தாண்டிப்போன ‘ஆக்சி’யில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் பென்சோஃபீனோனும் புற ஊதாக் கதிரை வாங்கும். வாங்கியதும் முறுக்கேறி, பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். ஒளி பட்டதும் இறுகும் அச்சு மைகளில் அதைச் சேர்ப்பது இந்தக் குணத்துக்காகவே. ஆக்சிபென்சோனில் நடுக் கார்பனை ஒட்டிய இடத்தில் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை ஒட்டியிருக்கிறது. கதிர் பட்ட கணத்தில் அந்த ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவுகிறது. தாவியதில் கதிரின் ஆற்றல் வெப்பமாக வடிந்துபோகிறது. பிறகு ஹைட்ரஜன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மூலக்கூறு பழையபடி அடுத்த கதிருக்குத் தயார். பறிக்க வெளியே போக வேண்டிய தேவையே இல்லை, தன்னுடையதைத் தானே வாங்கித் தானே கொடுத்துக்கொள்கிறது. லவாய்சியர் தப்புக் கணக்கில் வைத்த ‘புளிப்பு’ என்ற சொல்தான் இந்தப் பெயரிலேயே பொருளின் செயலைச் சுட்டும் துண்டு.

பெயர் பயமுறுத்தும்போது

ஹவாய் 2018-இல் இயற்றிய சட்டம், ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்க்ரீன்களை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு 2021 ஜனவரி முதல் தடை போட்டது. பலாவு தீவு நாடு 2020 ஜனவரியிலேயே தடையைக் கொண்டுவந்துவிட்டது. பவளப்பாறை கெடும் என்பது காரணம். ஆய்வுக்கூடத்தில் இளம் பவளங்களை வைத்து நடத்திய சோதனைகளில் பாதிப்பு தெரிந்தது. திறந்த கடலில் எவ்வளவு கலந்தால் எவ்வளவு கெடுதல் என்பதில் அறிவியலாளர்களிடையே வாதம் ஓயவில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலப்பதும் உறுதியான பிறகு அமெரிக்க மருந்துத் துறை கூடுதல் பாதுகாப்பு விவரம் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கும் கைக்கும் பூசுபவற்றில் 6 சதவீதம், உடல் முழுதும் பூசுபவற்றில் 2.2 சதவீதம் என்று 2022-இல் வரம்பு கட்டியது. இவை எல்லாம் பொருளைப் பற்றிய நியாயமான கேள்விகள்.

பெயரை மட்டும் பார்த்து எழும் பயம் வேறு ரகம். பென்சோஃபீனோன் என்ற தாய்ச் சேர்மத்தை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. பென்சோஃபீனோன்-3 என்று டியூபில் கண்டதும் இரண்டும் ஒன்று என்று பதறுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு சேர்மங்கள். மறுபக்கம், பெயரில் ‘பென்ஸ்’ என்ற நிழலே இல்லாத ஆக்டோகிரைலீன், டியூபில் நாள்பட இருந்தால் மெல்லச் சிதைந்து பென்சோஃபீனோனை விடக்கூடும் என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் சில ஸ்ப்ரே சன்ஸ்க்ரீன்களில் பென்சீன் இருப்பது தெரிந்து அவை திரும்பப் பெறப்பட்டன. பென்சீன் உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணி. அது செய்முறையில் சேர்த்த பொருள் அல்ல, மாசாக வந்தது. அதனால் மூலப்பொருள் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அதன் பெயர் தட்டுப்பட்டிருக்காது.

சாம்பிராணி, சோடியம் பென்சோயேட், பென்சீன், பென்சோஃபீனோன், ஆக்சிபென்சோன், அவோபென்சோன் என்று வரிசையாக நிறுத்தினால் ஒன்று குழந்தைக்குத் தலைக்குளியல் முடிந்ததும் புகை காட்டுவது, ஒன்று ஊறுகாயில் கிடப்பது, ஒன்று கொடிய நஞ்சு, ஒன்று மையை இறுக்குவது, இரண்டு வெயிலைத் தடுப்பவை. ஒரே பெயர்வேர், ஆறு குணம். ‘பென்ஸ்’ கண்டு ஓடுகிறவர் இந்த வரிசையில் பாதியைக் காரணமின்றி ஒதுக்குவார். கறுவாவிலிருந்தும் கற்பூரத்திலிருந்தும் வந்த பெயர் என்று தெரிந்ததும் இயற்கைப் பொருள்தானே என்று நம்புகிறவர் இன்னொரு பாதியில் ஏமாறுவார். எதிலிருந்து எதை முதலில் பிரித்தார்கள் என்ற நினைவைத்தான் வேதிப் பெயர்கள் சுமக்கின்றன. தோலில் பூசினால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பெயர்களை வைத்தவர்கள் எவருடைய மனத்திலும் இருக்கவில்லை.

புதிதாக வரும் வடிகட்டிகளின் பெயர்களில் இந்த நறுமணச் சரக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் பயன்படும் பெமோட்ரைசினால் என்ற பெயரில் பட்டையும் இல்லை, கற்பூரமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. அதன் நீண்ட பெயரைத் தேடிப் பிடித்தால் பிஸ்-எத்தில்ஹெக்சிலாக்சிஃபீனால் மெத்தாக்சிஃபீனைல் ட்ரையசின் என்று வருகிறது. அதில் லோரானின் ஃபீன் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. பென்சீனுக்கு வைக்கப் பார்த்துத் தோற்ற பெயர், ஒளி தருவது என்ற பொருளோடு, வெயிலைத் தடுக்கும் சேர்மத்தில் தொழில் பார்க்கிறது.